எண்ணெய் கம்மி

எனக்கு உலகத்தில் ஒரே ஒரு நோய்தான் தெரியும். அதன் பெயர் எண்ணெய் கம்மி. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் கம்மி. மனைவியின் தையல் மிஷின் நூலை அறுத்தால் எண்ணெய் கம்மி. எங்கள் சர்ச் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கியது அமுங்கியபடியே நின்றபோதும் அதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கட்டைகளும் மேலே வரவில்லை. அதற்குப் பிறகு பாட்டுக் குழுவினர் என்னைக் கண்டாலே ஆர்மோனியத்தின் மூடியைச் சாத்திவிடுவார்கள்.

எல்லாம் என் தொழில் செய்த வேலை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் டிரம் ஷெட் சூப்பர்வைசராக இருந்தேன். ஆள் உள்ளே நிற்கும் அளவுக்குப் பெரிய மர டிரம்களில் தோலைப் போட்டு, சாயம் ஏற்றி, கடைசியாக மீன் எண்ணெய் விட்டு உருட்டுவோம். எண்ணெய் குறைந்தால் தோல் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். காயப்போட்ட தோலின் ஓரத்தைக் கட்டை விரலால் மடித்துப் பார்த்து நான் "எண்ணெய் கம்மி" என்று சொல்லிவிட்டால் ஷெட்டில் மறுபேச்சு கிடையாது. அந்த டிரம்களைச் சுழற்றும் பட்டையான பெல்ட்டும் தோல்தான். அது காய்ந்து வழுக்கினால் அதற்கும் கொஞ்சம் எண்ணெய் தடவுவோம், நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். நான் மூக்கறுபட்டது இதனால்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் கழிவுநீர்ப் பிரச்சினையில் பல கம்பெனிகளை மூடியபோது எங்கள் கம்பெனியும் மூடப்பட்டது. என் மனைவி நர்சாக இருந்த சின்னக் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. மருந்துப் பெட்டிகளுக்கு எண்ணெய் தேவைப்படாததால் அங்கே என் திறமைக்கு வாய்ப்பில்லாமல் இருந்தது.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அதே கம்பெனியில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர். கம்பெனி மூடியதும் அவருக்கு எந்த வேலையும் அமையவில்லை. ஒரு வருடம் வீட்டில் இருந்தார். தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார். அதைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் என் மனைவி சரியாகச் சாப்பிட மாட்டாள்.

பிறகுதான் கம்பெனி முதலாளி அந்தப் பழைய பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்தார். பஸ்ஸோடு ஸ்டெப்னி வருவது போல மச்சானும் வந்து சேர்ந்தார். கிராமம் கிராமமாகப் போய்க் கண் பரிசோதிக்கும் வண்டியாக அதை மாற்றுவது என்று முடிவானது. சீட்டுகளைப் பிடுங்கினார்கள். பரிசோதனை நாற்காலி, எழுத்து அட்டை, கறுப்புத் திரை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே ஏறின. என் பங்குக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானெட் மேல் இவ்வளவு இடம் வீணாகிறதே, மூக்குக்கண்ணாடிப் பெட்டிகள் வைக்க அங்கே ஒரு மர அலமாரி அடிக்கலாம் என்றேன்.

"பானெட்ட அப்பறம் எப்படி சார் தொறக்கறது?" என்று தச்சர் கேட்டார்.

"அத இன்னாத்துக்குத் தொறக்கணும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். பதில் சொல்லத் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்ட பெருமை எனக்கு. தச்சர் அலமாரியை அடித்து, அசையாமல் போல்ட்டும் போட்டுவிட்டார். பக்கவாட்டில் ஒரு கை நுழையும் சந்து மட்டும் மிச்சமிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் பஸ் ஒழுங்காகத்தான் ஓடியது. பவர் ஸ்டியரிங் உள்ள பஸ் அது. ஏற்றுமதி கொழித்த காலத்தில் முதலாளி ஆசைப்பட்டு வாங்கியது. மற்ற டிரைவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும்போது மச்சான் ஒரு கையால் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட ஸ்டியரிங் ஒரு கோடைக் காலத்தில் இறுக ஆரம்பித்தது. மெதுவாகப் போய்த் திருப்பும்போதெல்லாம் பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். கலவை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சந்தில் திரும்ப முடியாமல் மச்சான் ஒரு வைக்கோல் போரில் இடித்துவிட்டார். கண் காட்ட வந்து வரிசையில் நின்றவர்களுக்கு அன்று பார்வை நன்றாகவே இருந்தது. ஒருவர் விடாமல் பார்த்துச் சிரித்தார்கள்.

முகாமுக்குப் பொறுப்பான டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க அவருக்குச் சொந்தக்காரர். ஆனாலும் உண்மையைச் சொல்லுங்க. ஸ்டியரிங் டைட்டா இருக்கா, இல்ல அவருக்கு வயசாயிடுச்சா?"

"ஸ்டியரிங்தான் மேடம்" என்றேன் யோசிக்காமல்.

"அடுத்தது ஏலகிரி கேம்ப். மலைப்பாதை. நர்சுங்கள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போகணும். ஒரு புது டிரைவரை வரச் சொல்லியிருக்கேன். அவர் ஓட்டிப் பாக்கட்டும். அவருக்கு வண்டி நல்லாத் திரும்பிச்சுன்னா நான் வேற முடிவுதான் எடுக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நர்சுகளில் என் மனைவியும் ஒருத்தி. ஆனால் எனக்கு வாசலில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மச்சான்தான் கண்ணில் நின்றார். திரும்பவும் அந்த நாற்காலிக்கு அவரை அனுப்பக் கூடாது. புது டிரைவர் வருவதற்குள் ஸ்டியரிங்கைச் சரி செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்று மாலையே மச்சானும் நானும் வேலையில் இறங்கினோம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வண்டிக்குக் கோளாறு என்றால் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. வாட்ச்மேன் முன் டயரில் காற்று கம்மி என்றார். பார்த்தோம், கம்மிதான். காற்றடித்தோம். கொஞ்சம் பரவாயில்லை போலத் தோன்றியது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. ஆபீசில் ஒருவர் முன்பக்கம் கிரீஸ் அடிக்கச் சொன்னார். அடித்தோம். சட்டைதான் போனது. தண்ணீர்த் தொட்டியின் கனம் முன்பக்கம் அழுத்துகிறது என்று சமையல்காரர் சொன்னார். தொட்டி பின்பக்கம் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு வந்தோம்.

"ஒர்க்ஷாப்புக்கு எடுத்துக்கினு போய்டலாமா மாப்ள?" என்றார் மச்சான்.

"போனா டாக்டரம்மா இன்னா நெனைப்பாங்க? வண்டி மேல பழி போடறோம்னு நெனைப்பாங்க. நாமளே பாத்துக்கலாம்" என்றேன்.

மச்சானை இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, அலமாரியில் காதை வைத்துக் கேட்டேன். கீச். மறுபடி திருப்பச் சொன்னேன். மறுபடியும் கீச். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பவர் ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது என்பது அரைகுறையாகத் தெரியும். இன்ஜின் ஒரு பெல்ட்டைச் சுழற்றுகிறது, பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது, பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில் சக்கரம் லேசாகத் திரும்புகிறது. ஆக, கீச்சென்று கத்துவது பெல்ட். கம்பெனியில் எத்தனை பெல்ட் பார்த்தவன் நான்!

"மச்சான், பெல்ட்டு காஞ்சு போச்சு" என்றேன். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஷெட்டில் சொல்வது போலவே சொன்னேன். "எண்ணெய் கம்மி."

மச்சான் யோசித்தார். "இது ரப்பர் பெல்ட்டாச்சே மாப்ள?"

"பெல்ட்டுன்னா பெல்ட்டுதான்."

அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவர் எனக்கு வயதில் மூத்தவர், ஆனாலும் தங்கை புருஷன் என்று எப்போதும் "நீங்க" என்றுதான் பேசுவார். மனசு ரொம்பக் கலங்கினால் மட்டும் "நீ" வரும். அன்று "நீங்க சொன்னா சரி மாப்ள" என்று சொல்லிவிட்டு இன்ஜினை நிறுத்தினார்.

கம்பெனி மூடிய அன்று ஞாபகத்துக்கென்று ஒரு டப்பா மீன் எண்ணெய் எடுத்து வந்திருந்தேன். மற்றவர்கள் கடிகாரம், நாற்காலி என்று எடுத்துப் போனார்கள். வீட்டுக்கு ஓடிப் போய் அதை எடுத்து வந்தேன். அலமாரிச் சந்தில் கையை மட்டும்தான் நுழைக்க முடிந்தது, தலை நுழையவில்லை. தலையை வெளியே விட்டுவிட்டுக் கை மட்டும் உள்ளே போய் என்ன வேலை செய்யுமோ அந்த வேலையைச் செய்தேன். பிரஷ்ஷால் பெல்ட்டைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, கஞ்சத்தனம் இல்லாமல் பூசினேன்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார். சத்தமே இல்லை! நாங்கள் இருவரும் கடைக்குப் போய் டீயும் சமோசாவும் சாப்பிட்டோம். பெல்ட் என்றால் என்ன, அதன் குணம் என்ன என்று டீக்கடையில் இருந்தவர்களுக்கு நான் ஒரு பிரசங்கம் செய்தேன். ஸ்டியரிங் லேசாகிவிட்டதா என்று கேட்கத் தோன்றவில்லை. சத்தம் போனால் நோயும் போய்விட்டது என்பது என் எண்ணம்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ்ஸுக்கு அடியில் பூனைகள். அந்தத் தெருவில் அத்தனை பூனைகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இன்ஜின் சூட்டில் எண்ணெய் காய்ந்து, பஸ் முழுக்கக் கருவாட்டு வாசனை. அதைவிட மோசம், மச்சான் முகம் வெளுத்துப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சுத்தமாத் திரும்பல மாப்ள. பேஜாராப் போச்சு."

பிற்பாடு புரிந்தது. முந்தின நாள்வரை பெல்ட் தளர்ந்துபோய்க் கத்திக் கத்தியாவது பம்பைக் கொஞ்சம் சுழற்றிக்கொண்டிருந்தது. நான் எண்ணெய் பூசிய பிறகு அது சந்தோஷமாக வழுக்கிக்கொண்டு சும்மா ஓடியது. பம்ப் சுற்றவே இல்லை. கத்திய பெல்ட்டின் வாயை மூடியிருந்தேன், அவ்வளவுதான். அன்று இதெல்லாம் தெரியாது. "எண்ணெய் ஜாஸ்தியாய்டுச்சோ?" என்று மட்டும் முனகினேன். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

துணியை எடுத்துத் துடைத்துவிடலாம் என்று சந்தில் கையை விட்டேன். அதற்குள் டாக்டரம்மா படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் புது டிரைவர். முப்பது வயதிருக்கும், கறுப்புக் கண்ணாடி, கையில் செப்புக் காப்பு. பூனைகளைத் தாண்டிக்கொண்டு வந்து, மச்சானைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

மச்சான் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். என் மனைவி வராந்தாவிலிருந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது டிரைவர் ஏறி உட்கார்ந்து, பஸ்ஸை கேட்டுக்கு வெளியே எடுத்து இடது பக்கம் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் செய்தார், மெதுவாக நகர்த்தினார், ஸ்டியரிங்கைத் திருப்பினார். திருப்பினார் என்று சொல்லக் கூடாது, பிடித்துக்கொண்டு தொங்கினார். பஸ் நேராகவே போனது. பின்னால் எடுத்தார், மறுபடி முயன்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முயன்றார். மூன்றாவது தடவை கேட் தூணுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய இறங்கி வந்தார்.

"மேடம், இத்த இவ்ளோ நாளா ஓட்டுனது யாரு? மனுஷனா? சத்தியமா என்னால முடியாது மேடம்."

டாக்டரம்மா மச்சானைப் பார்த்தார். "நீங்க எடுங்க பாக்கலாம்."

மச்சான் ஏறி, பஸ்ஸைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். சீட்டிலிருந்து அரைவாசி எழுந்து நின்றுகொண்டு, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, நெஞ்சையும் அதன் மேல் சாய்த்து, உடம்பின் முழுக் கனத்தையும் போட்டு இழுத்தார். பஸ் முனகிக்கொண்டே திரும்பியது. தூணைத் தொடாமல் ரோட்டில் போய் நின்றது. வாட்ச்மேன் கை தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அனுபவசாலி என்றால் இப்படித்தான் இடது கையிலேயே இழுப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் கை தட்டவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்ப கோளாறு வண்டியிலதான்" என்றார் டாக்டரம்மா. "முதல்ல ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்க. இந்த நிலைமையில ஓட்டினவரை நான் சந்தேகப்பட்டுட்டேன்." பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன நாத்தம்?" என்று கேட்டார். நான் பூனைகளை விரட்டப் போய்விட்டேன்.

இப்படியாக மச்சானின் வேலையைக் காப்பாற்றியது என் முட்டாள்தனம். நான் மட்டும் அந்த எண்ணெயைப் பூசாமல் இருந்திருந்தால், இளவயசுக்காரர் எப்படியோ திருப்பியிருப்பார். ஒரு வாரத்துக்கு நான் தலை நிமிர்ந்து நடந்தேன். "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்குது" என்று மனைவியிடம் சொன்னேன். "ஆமா, ஆர்மோனியமும் அப்படித்தான்" என்றாள்.

பள்ளிகொண்டா ரோட்டில் இருந்த ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் பாய் முதலில் செய்த காரியம் என் அலமாரியைக் கழற்றி வெளியே வைத்ததுதான். பானெட்டைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"இன்னா சார் இது? உள்ள மீனு வறுத்தீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பெல்ட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பம்புக்கு ஆயில் போகும் சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். அடியில் கொஞ்சம் நுரை மட்டும் இருந்தது. ஒரு குழாயின் இணைப்பில் கசிந்து கசிந்து ஆயில் எல்லாம் போயிருக்கிறது, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. அந்த டப்பா என் அலமாரிக்கு நேர் கீழே இருந்ததால் வருடக்கணக்கில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"எண்ணெய் கம்மி சார்" என்றார் பாய்.

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். "கேட்டீங்களா மச்சான்? நான் சொல்லல?"

"சொன்னீங்க மாப்ள" என்றார் மச்சான் பெருந்தன்மையாக. "எடந்தான் மாறிப் போச்சு."

குழாயை மாற்றி, புது பெல்ட்டை இழுத்துக் கட்டினார்கள். டப்பாவில் ஆயில் ஊற்றும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். மச்சான் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பத் திருப்ப, ஆயிலில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. ஆயில் இறங்க இறங்க நான் ஊற்றினேன். கடைசியில் குமிழி நின்றது. பஸ் நின்ற இடத்திலேயே முன் சக்கரங்கள் சத்தமில்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. நான் ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தேன். திரும்பியது! வண்டி ஓட்டத் தெரியாத எனக்கே திரும்பியது.

ஏலகிரி முகாமுக்கு நானும் போனேன். ஸ்டோர் கீப்பருக்கு அங்கே வேலையில்லை. என் ஆயிலில் பஸ் மலை ஏறுவதைப் பார்க்கத்தான் போனேன். அலமாரி இருந்த இடத்தில், மச்சானுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வளைவில் பஸ் வழவழவென்று திரும்பியது. "எப்படி மச்சான்?" என்றேன். "சூப்பரு மாப்ள" என்றார். இரண்டாவது வளைவிலும் கேட்டேன். இந்தத் தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். ஸ்டியரிங்கில் அவருடைய இடது கை மட்டும்தான் இருந்தது. வலது கை மடியில் கிடந்தது. கியர் மாற்ற வேண்டுமானால் இடது கையை எடுக்க வேண்டும், அந்த நேரத்துக்கு வலது கைதான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அதனால் அவர் கியரே மாற்றாமல், இன்ஜின் கதறக் கதற, ஒரே கியரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. வலது கையைத் தூக்கினார். அது ஸ்டியரிங்கின் பாதி உயரம்வரை வந்தது, அங்கேயே நடுங்கியது, பிறகு மடியில் விழுந்தது. ஒரு விரல் போதும் என்கிற ஸ்டியரிங் அது.

பின்னால் நர்சுகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். என் மனைவியின் குரல் அதில் இல்லை.

மேலே போய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பஸ்ஸை நிறுத்தினார். எல்லாரும் இறங்கி, மேஜை போட்டு, திரை கட்டப் போனார்கள். நாங்கள் இருவரும் மட்டும் உள்ளே இருந்தோம். மச்சான் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எத்தினி நாளா மச்சான்?" என்றேன்.

"ஸ்டியரிங் டைட்டாவறதுக்கு முன்னாலேர்ந்தே" என்றார். "டைட்டானது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. கோளாறு வண்டியிலயா என் கையிலயான்னு எனக்கே தெரியாம ஓட்டிக்கினு இருந்தேன்."

வெளியே எழுத்து அட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"வண்டி நல்லாயிடுச்சு மாப்ள. இனிமே எது மேல பழி போடறது?"

எனக்குத் தெரிந்த அந்த ஒரே நோயின் பெயர் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். இடது கையால் என் முழங்காலைத் தட்டினார்.

"சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

"எண்ணெய் கம்மி மச்சான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இடது கையால் சாவியைப் பிடுங்கி, என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"டாக்டரம்மா கிட்ட நீயே குடுத்துடு. மலை எறங்கறதுக்கு அந்தப் புது டிரைவர் தம்பிய வரச் சொல்லு."